சைலன்சரைக் கழற்றிப் பார்த்தீர்களா?

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிப் போனால் கூனிமேடு. இந்தக் கரையோர மணலுக்குச் சோறு போடும் மரம் சவுக்கு. சோழமண்டலக் கரையில் 19-ஆம் நூற்றாண்டில் நீராவி ரயிலின் விறகுக்காகத் தோப்பு தோப்பாக வளர்க்கப்பட்டது. இன்று காகித ஆலைக்கும் பந்தல் காலுக்கும் கட்டடச் சாரத்துக்கும் போகிறது. நட்டு மூன்று நான்கு ஆண்டில் வெட்டு. கோடாலி பிடித்த கைகளில் இப்போது பெட்ரோலில் ஓடும் பவர் சா.

புயல் அடித்தால் பவர் சாவின் தேவை பல மடங்காகிவிடும். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரையேறி, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களில் அவசரத்துக்கு வாங்கிய 52 சிசி, 58 சிசி சீன மிஷின்கள் வேலை முடிந்ததும் கொட்டகை மூலைக்குப் போகும். அடுத்த மழைக்காலம் கழித்து, 'ஸ்டார்ட் ஆகல, சும்மா கார்புரேட்டர் வேலைதான்' என்ற வார்த்தையோடு பாதி விலைக்குக் கைமாறும். வாங்குபவர் பெரும்பாலும் நாள்கூலிக்கு மரம் வெட்டுபவர். அந்த 'சும்மா' பொய்யானால் அவருடைய ஒரு வாரக் கூலி போய்விடும்.

ஆகவே காசு கொடுக்குமுன் ஒரு காரியம் செய்யவேண்டும். சைலன்சரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் கழற்றுங்கள். புகை வெளியேறும் துவாரம் தெரியும். ஸ்டார்ட்டர் கயிற்றை மெல்ல இழுத்து பிஸ்டனை ஏற்றி இறக்கி, டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டனின் பக்கவாட்டு வழவழவென்று, ரிங் விளிம்பு கூராக இருந்தால் இன்ஜினுக்கு உயிர் இருக்கிறது. மேலிருந்து கீழாகக் கோடு கோடாகச் சிராய்த்திருந்தால் அது எண்ணெய் இல்லாமல் ஓடிய மிஷின். கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் பிழைக்காது. பார்த்துவிட்டு சைலன்சரை மறுபடி மாட்டி, மிஷினைக் கயிற்றின் கைப்பிடியிலேயே தூக்கித் தொங்கவிடுங்கள். எடை தாங்கி, விட்டு விட்டு மெதுவாக இறங்கினால் கம்ப்ரஷன் இருக்கிறது. சர்ரென்று கீழே போனால் வேண்டாம். கேஜ் உள்ள மெக்கானிக் அளந்தால் 120 பிஎஸ்ஐக்கு மேல் காட்டவேண்டும். கயிறு இழுக்கும்போது உள்ளே கரகரத்தால் வெள்ளநீர் புகுந்து பேரிங் துருப்பிடித்திருக்கலாம். அதையும் விட்டுவிடுங்கள்.

எண்ணெய் இல்லாமல் ஏன் ஓடுகிறது? பவர் சாவின் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கென்று தனி ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்த 2டி ஆயில்தான் பிஸ்டனைக் காப்பாற்றுகிறது. மலிவு மிஷின்களின் கையேடு பெரும்பாலும் 25க்கு 1 என்கிறது. லிட்டருக்கு 40 மில்லி. டிவிஎஸ் 50-க்கு ஊற்றிய பழக்கத்தில் கண் அளவாகக் கலப்பவர்கள் இன்னும் உண்டு. பம்ப்பில் கிடைக்கும் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். இந்தக் கரையின் காற்றிலோ ஈரத்துக்குக் குறைவில்லை. மாதக்கணக்கில் டேங்க்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கும், ஆயில் கலந்த பெட்ரோல் மேலே மிதக்கும். உறிஞ்சும் குழாய் கிடப்பது அடியில். கலவையைச் சரியாகக் கலந்தவருடைய மிஷின்கூட எண்ணெயில்லாத திரவத்தைக் குடித்துச் சாவது இப்படித்தான். பழைய பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அரை மணி நேரம் வைத்தால் அந்தக் கோடு கண்ணுக்கே தெரியும்.

பிஸ்டன் நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் சில நூறு ரூபாய்ச் செலவு. பத்து தடவை கயிறு இழுத்துவிட்டு பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, கரண்ட்டைத் தேடவேண்டும். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை.

கரண்ட் பக்கம் கடற்கரைக்கென்றே ஒரு நோய் உண்டு. ஃப்ளைவீல் காந்தத்திலும் காயிலின் இரும்புக் காலிலும் உப்புக்காற்றால் துரு படர்ந்து, இடைவெளி அடைபடும். உப்புத்தாளால் தேய்த்து, 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில் காயிலை மறுபடி பொருத்தினால் பெரும்பாலும் பொறி பறக்கும். அதற்கு முன் ஸ்டாப் சுவிட்ச் ஒயரைக் காயிலிலிருந்து பிடுங்கிவிட்டுப் பாருங்கள். ஒயர் எங்காவது உரசி 'எர்த்' ஆகியிருந்தாலும் பிளக்கில் ஒன்றும் வராது. பலர் இதைப் பார்க்காமலே புதுக் காயில் வாங்குகிறார்கள்.

பெட்ரோல் பக்கத்தில் கார்புரேட்டருக்குக் கடைசி இடம் கொடுங்கள். முதலில் டேங்க்குக்குள் கிடக்கும் ஃபில்டர், பிறகு ஓஸில் வெடிப்பு, பிறகு டேங்க்கின் காற்றுத் துவாரம். கொஞ்ச நேரம் ஓடி நின்றுபோய், மூடியைத் தளர்த்தியதும் ஓடினால் அந்தத் துவாரம் அடைத்திருக்கிறது. இவ்வளவும் சரியென்றால்தான் கார்புரேட்டரைத் திறக்கவேண்டும். உள்ளே வெள்ளைப் பொடி பூத்திருக்கும். ரப்பர் டயாபிரம் அப்பளம்போல விறைத்திருக்கும். கழுவி, டயாபிரம் கிட் மாற்றினால் போதும். சீராக ஐடிலிங் ஓடி, ஆக்சிலேட்டர் கொடுத்தால் திணறும் மிஷினில் சைலன்சர் வலையையும் பாருங்கள். கரி அடைத்து அது மூச்சு விடமுடியாமல் இருக்கும்.

ஒரு குறையோடு மட்டும் விளையாடக் கூடாது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் கூவினால், இன்ஜின் எங்கோ ஏர் எடுக்கிறது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர் வெடித்திருக்கலாம், அங்கே போல்ட் தளர்ந்திருக்கலாம், கிராங்க் சீல் போயிருக்கலாம். இதை ஸ்க்ரூ திருகி அடக்குகிறவர்கள் உண்டு. காற்று கூடி எண்ணெய் குறைந்த கலவையில் ஓடி, பிஸ்டன் சீஸ் ஆகிவிடும். ஓட்டையை அடைக்காமல் வேலைக்கு எடுத்துப்போகவே கூடாது.

இதெல்லாம் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. ஆர்எக்ஸ் 100, டிவிஎஸ் 50 காலத்து மெக்கானிக்குகள் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்வார்கள். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் வந்தபின் அவர்களிடம் கற்க வரும் பையன்கள் குறைந்துவிட்டார்கள். அவர்கள் கடையை மூடுமுன் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கைவேலையை வாங்கிக்கொள்ளவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

'இழுவை இல்லை' என்று வரும் மிஷின்களில் பல, இன்ஜின் கெட்டவையே அல்ல. செயின் மழுங்கியது. இன்றைய செயினின் பல் வடிவம், அமெரிக்க மரவெட்டி ஜோசப் காக்ஸ் 1946-இல் மரம் குடையும் வண்டுப்புழுவின் தாடையைக் கவனித்து உருவாக்கியது. பல் கூராக இருந்தால் செதில் செதிலாக விழும். தூளாகக் கொட்டினால் அரம் எடுக்கவேண்டும். சவுக்குப் பட்டையில் கடல்மணல் ஒட்டியிருப்பதால் இங்கே செயின் சீக்கிரம் மழுங்கும். பல்லுக்கேற்ற உருண்டை அரம், 30 பாகைச் சாய்வு, இரு பக்கமும் ஒரே எண்ணிக்கை இழுப்பு. ஒரு பக்கப் பல் குட்டையானால் அறுப்பு வளைந்து போகும். செயினுக்குப் பழைய இன்ஜின் ஆயில் ஊற்றுவதையும் விடவேண்டும். அதிலுள்ள இரும்புத்தூள் ஆயில் பம்ப்பைத் தின்றுவிடும்.

செயின் பிரேக் வேலை செய்யாத மிஷினைச் சரியாக அறுக்கிறது என்பதற்காகக் கையில் எடுக்காதீர்கள். செயின் ஓடும் பாரின் நுனி மரத்தில் தட்டினால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். அந்த நொடியில் செயினை நிறுத்துவது, முன்கைப்பிடிக்கு முன்னாலுள்ள பிளாஸ்டிக் தடுப்பு இயக்கும் அந்த பிரேக் மட்டுமே. மலிவு மிஷினில் அந்தத் தடுப்பு உடைந்து கழற்றி எறியப்பட்டிருப்பது சாதாரணம். புயலில் சாய்ந்த மரம் வில்லாக வளைந்து கிடக்கும்போது எகிறும் அபாயம் இன்னும் அதிகம். பிரேக் பட்டைக்கும் தடுப்புக்கும் ஆகும் காசைப் பேரம் பேசும்போதே விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழை தொடங்குமுன் டேங்க்கைக் காலிசெய்து, மிச்சம் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பிளக் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி 2டி ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு முறை மெல்ல இழுத்து, பிளக்கை மாட்டி, தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். தை மாதம் வெட்டுக்குப் போகையில் புதிதாகக் கலந்த பெட்ரோலை ஊற்றிக் கிளப்பினால் போதும்.