பிள்ளை பாடசாலைக்குப் போகத் தொடங்கும்போது

முகாமில் பிள்ளை நாள் முழுதும் உங்கள் கண்முன்னே இருந்தது. இப்போது காலை 7.30 மணிக்கே பாடசாலை தொடங்கிவிடும். பிள்ளை உங்கள் உடுப்பைப் பிடித்துக்கொண்டு அழலாம்; இரவில் படுக்கையை நனைக்கலாம். ஏசவோ அடிக்கவோ வேண்டாம். இடம்பெயர்வின்போது போனவர்கள் திரும்பி வராததைப் பிள்ளை கண்டிருக்கும். அந்தப் பயம்தான் இது.

எனவே பிள்ளைக்குத் தெரியாமல் ஒளித்து வந்துவிடாதீர்கள். "மணி அடித்ததும் இந்த வேப்பமரத்தடியில் நிற்பேன்" என்று சொல்லுங்கள், அங்கேயே நில்லுங்கள். சிறிய வகுப்புகள் 1.30 மணிக்கு முன்பே விடப்படும். சரியான நேரத்தை ஆசிரியரிடம் கேட்டு வையுங்கள். காணி துப்புரவாக்கும் வேலை தலைக்குமேல் இருக்கும், தெரியும். வர முடியாத நாளில் அம்மம்மாவோ சித்தியோ வருவார் என்பதைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

கூட்டிப் போகும்போது, நேரம் பிந்தினாலும் பற்றைக்குள்ளால் குறுக்கே போகவேண்டாம். கண்ணிவெடி அகற்றப்பட்ட பாதையால் மட்டும் நடந்து, மண்டையோட்டு அடையாளமிட்ட சிவப்புப் பலகையைப் பிள்ளைக்குக் காட்டிக்கொடுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் அதற்காகப் பிள்ளையை வீட்டில் மறிக்க வேண்டாம். அதிபரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். பிரதிக்கு, பிறப்பைப் பதிந்த பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம்.