வேட்டை நின்றது, பூட்ஸ் நிற்கவில்லை

‘ஹண்டர் ஷூ’ என்று கேட்டால் கல்யாண் கடைத்தெருவில் உடனே எடுத்துத் தருகிறார்கள். பச்சைக் கான்வாஸ் மேல்பாகம், கணுக்காலை மூடும் உயரம், பல் பல்லாக வெட்டிய கறுப்பு ரப்பர் அடி. விலை பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள். பெயரைத் தமிழில் சொன்னால் வேட்டைக்காரன் பூட்ஸ். ஆனால் வாங்குகிறவர்களில் ஒருவர்கூட வேட்டைக்குப் போகிறவர் அல்ல.

போகவும் முடியாது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் சில வகைப் பிராணிகளை லைசென்ஸ் வாங்கிச் சுட இடமிருந்தது. 1991-ல் வந்த திருத்தம் அந்த வழியையும் அடைத்துவிட்டது. இன்று இந்த பூட்ஸைப் போட்டு நடப்பவர்கள் வனக் காவலர்கள், கட்டட மேஸ்திரிகள், ரயில் பாதையில் வேலை செய்வோர், மழைக்காலத்தில் கோட்டை ஏறும் இளைஞர்கள் ஆகியோரே.

இதில் கடைசியாகச் சொன்ன கூட்டத்தில் நம் பிள்ளைகள் நிறையப் பேர். ஜூலை, ஆகஸ்ட் ஞாயிறுகளில் லோணாவளாவுக்கு அடுத்த மளவ்லி நிலையத்தில் நின்று பார்த்தால் தெரியும். தாராவி, முலுண்ட், டோம்பிவிலி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் தமிழ் பேசிக்கொண்டே இறங்குவார்கள். லோஹகட் கோட்டைக்கு அங்கிருந்துதான் நடை. காலில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் வயிறு கலங்குகிறது. பாதிப் பேர் நடைபாதையில் வாங்கிய, பளபளக்கும் வெள்ளை ஷூ. சிலர் ரப்பர் செருப்பு.

அப்படி ஒரு ஞாயிறு மாலை ஒரு பையனை இரண்டு பேர் தோளில் தாங்கி நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். தையல் கடையில் தினக்கூலி. ஷூ புதிது; விலை நானூறு. இறங்கும்போது பாசிக் கல்லில் வழுக்கி, கால் மடங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, தசைநார் கிழிந்திருக்கிறது என்று பிறகு தெரிந்தது. தையல் மெஷினை மிதிக்கிற கால் அது. ஆறு வாரம் கூலி இல்லை. நானூறு ரூபாய் ஷூவுக்கு அவன் உண்மையில் கொடுத்த விலை எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்காகப் பத்தாயிரம் ரூபாய் வெளிநாட்டு பூட்ஸ் வாங்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. குறைந்த பணத்தில் காலுக்கு ஒத்த பூட்ஸ் வாங்க முடியும். எதைப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதைச் சொல்லித்தந்தவர் கடைக்காரர் அல்ல. எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஓய்வு பெற்ற கீமேன் ஒருவர். நெல்லைச் சீமைக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி.

60 சென்டிமீட்டர் கணக்கு

கர்ஜத்துக்கும் லோணாவளாவுக்கும் இடையே உள்ள போர் காட் பாதை 1863-ல் திறக்கப்பட்டது. 37 அடி போனால் ஓரடி ஏறும் சரிவு. இருபதுக்கு மேற்பட்ட சுரங்கங்கள். மழைக்காலத்தில் மலையிலிருந்து எப்போது கல் உருளும் என்று சொல்ல முடியாது. பட்டாசு, கொடி, விளக்கு ஆகியவற்றைத் தூக்கிக்கொண்டு ரோந்துக்காரர்கள் இரவெல்லாம் அந்தப் பாதையில் நடக்கிறார்கள். அண்ணாச்சி அங்கே பல மழைக்காலம் நடந்தவர்.

ரயில் பாதையில் நடப்பது பார்க்கத்தான் சுலபம். அகலப் பாதையில் ஒரு கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர் கட்டைகள் என்று வைத்துக்கொண்டால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 60 சென்டிமீட்டர். ஒவ்வொரு கட்டையாக மிதித்தால் நடை குறுகும். ஒன்று விட்டு ஒன்று மிதித்தால் தாண்ட வேண்டும். ஆகவே ஜல்லியில்தான் கால் விழும். அந்த ஜல்லி 20 முதல் 65 மில்லிமீட்டர் வரையுள்ள உடைத்த கல். பாதையைப் பிடித்து நிறுத்த முனை கூர்மையாக இருக்க வேண்டும் என்றே அப்படி உடைத்துப் போடுகிறார்கள். பாதைக்கு நல்லது, பாதத்துக்கு அல்ல.

“தம்பி, ஷூ கடிச்சா என்ன ஆகும்?” என்று கேட்டார் அண்ணாச்சி.

“கொப்புளம் வரும்” என்றேன்.

“அது சாயங்காலம். மொதல்ல, மனுஷன் கீழே பார்த்து நடக்க ஆரம்பிப்பான். எங்கே வைச்சா வலிக்காதுன்னு கல்லைப் பார்ப்பான். கல்லைப் பார்க்கிறவன் வண்டியைப் பார்க்க மாட்டான். எங்க வேலையில அதுதான் பயம்.”

கோட்டை ஏறுகிறவனுக்கும் இது பொருந்தும். அவனுக்கு வண்டி வராது; பள்ளம் வரும்.

காகிதத்தில் கால்

அண்ணாச்சியின் முறை இது. பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, காலுறையோடு அதன்மேல் நிற்க வேண்டும். உட்கார்ந்தபடி அளக்கக் கூடாது. உடம்பின் கனம் இறங்கும்போதுதான் பாதம் முழுசாக விரியும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதத்தையும் சுற்றிக் கோடு போட்டு, கோட்டின்மேல் வெட்டி எடுத்துக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். பலருக்கு ஒரு பாதம் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது. பெரியதற்குத்தான் ஷூ.

கடையில் ஷூவுக்குள்ளிருக்கும் இன்சோலை உருவி, வெட்டிய காகிதத்தை அதன்மேல் வையுங்கள். முன்புறம் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்க வேண்டும். பக்கவாட்டில் காகிதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை. சிறுவயதில் வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவர்களில் பலருக்கு முன்பாதம் அகலம், விரல்கள் விரிந்தவை. ஒடுங்கிய அச்சில் செய்த ஷூவை ஒரு நம்பர் பெரிதாக வாங்கிச் சமாளிக்கலாம் என்று நினைப்போம். அகலம் கொஞ்சம் கூடும். நீளம் அதைவிடக் கூடிவிடும். குதிகால் உள்ளே ஆடும். ஆடுகிற குதிகாலில்தான் கொப்புளம். வேறு கம்பெனி, வேறு அச்சு என்று தேடுவதே வழி.

காலையில் போய் வாங்காதீர்கள். நாள் முழுக்க நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். மலையில் இருக்கப்போவதும் அந்தக் கால்தான். மாலை ஷிப்டு முடிந்து போவது நல்லது.

ஷூவை மாட்டியதும் கண்ணாடி முன் நிற்க வேண்டாம். கடையில் மாடிப்படி இருக்கிறதா என்று பாருங்கள். ஏறும்போது குதிகால் தூக்குகிறதா? இறங்கும்போது பெருவிரல் முன்னால் போய் முட்டுகிறதா? முட்டினால் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். “போடப் போட இளகிவிடும்” என்று கடைக்காரர் சொல்வார். தோல் அகலத்தில் கொஞ்சம் இளகும். நீளத்தில் எந்த ஷூவும் இளகாது. பத்து படி இறங்கும்போது முட்டுகிற விரல், லோஹகட் படி முழுதும் இறங்கினால் நகம் கறுத்துவிடும்.

அடியைத் திருப்பிப் பாருங்கள்

சஹ்யாத்ரி மலை எரிமலைக் குழம்பு இறுகி ஆன கருங்கல். வெயில் காலத்தில் அதன் உதிரிக் கல் உருண்டை மணிபோலக் காலுக்கடியில் உருளும். மழையில் பச்சைப் பாசி. இரண்டுக்கும் ஒரே அடி முழுக்கப் பிடிக்காது. உதிரிக் கல்லுக்கும் சேற்றுக்கும் ஆழமான பற்கள் வேண்டும், நாலைந்து மில்லிமீட்டராவது. ஈரக் கல்லுக்குப் பல்லைவிட ரப்பரின் மென்மைதான் முக்கியம். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் லேசாகப் பதிந்தால் ரப்பர். பிளாஸ்டிக்போல வழுக்கிக்கொண்டு போனால் அது ஈரத்தில் உங்களையும் வழுக்கிவிடும். மலிவு ஷூக்களின் பளபளக்கும் அடிகளில் பல இந்த வகை. பாசி பிடித்த கல்லில் மட்டும் எந்த விலை ஷூவையும் நம்பாதீர்கள். அங்கே கையும் வேண்டும்.

அடுத்து, ஷூவை இரண்டு கையாலும் மடக்குங்கள். விரல்கள் மடங்குகிற இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால், ஜல்லியின் ஒவ்வொரு முனையும் பாதத்தில் குத்தும். துணி பிழிவதுபோல முறுக்கினால் எளிதில் முறுங்கக் கூடாது. ஹண்டர் ஷூவின் குறை இதில்தான். அடி பிடிக்கும், ஆனால் மெல்லியது, வளைந்துவிடும். அதற்குள் கெட்டியான இன்சோல் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்வது நல்லது. அண்ணாச்சி கைவசம் இன்சோல் இல்லாத நாளில் பழைய ரப்பர் பாயை வெட்டிப் போட்டுக்கொண்டாராம்.

தண்ணீரும் இரும்பும்

‘வாட்டர் புரூப்’ என்ற சொல்லுக்கு அதிகப் பணம் கொடுக்க வேண்டாம். இங்கே ஜூலை மழையில் தண்ணீர் தோலைத் துளைத்து வருவதில்லை. கால்சட்டை வழியாக மேலிருந்து இறங்குகிறது. இறங்கியது வெளியே போக வழியில்லாமல் பூட்ஸ் வாளியாகிவிடும். கான்வாஸ் உடனே நனையும். நடக்க நடக்கத் தண்ணீரைக் கக்கியும் விடும். கம்பூட் வயலுக்கும் சாக்கடைக்கும் சரி, மலைக்கு ஆகாது. கணுக்காலைப் பிடிக்காது.

தொழிற்சாலை சேஃப்டி ஷூ மலிவாகக் கிடைக்கிறது என்று அதைப் போட்டுக்கொண்டு மலையேறுகிறவர்கள் உண்டு. அதன் முனையில் உள்ள கவசம் 200 ஜூல் அடியைத் தாங்கும்; ஐ.எஸ். 15298 என்ற தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பார்த்து வாங்க வேண்டும். தண்டவாளம் தூக்குகிறவனுக்கு அது உயிர்க்காப்பு. மலை இறங்குகிறவனுக்கு விரலை இடிக்கும் இரும்புச் சுவர், கனமும் அதிகம். காலில் ஏறும் கனம் முதுகில் ஏறும் கனத்தைவிடப் பல மடங்கு களைப்புத் தரும் என்பது மலையேறுவோர் அனுபவம்.

உயரமான பூட்ஸ் சுளுக்கைத் தடுக்கும் என்பது பாதி உண்மை. குதிகால் உள்ளே ஆடாமல் பிடித்துக்கொள்ளும் குட்டை ஷூ, தளதளவென்று இருக்கும் உயர பூட்ஸைவிட மேல். இரண்டும் சேர்ந்து அமைந்தால் விடாதீர்கள்.

ஆயிரத்து ஐந்நூறு இருந்தால்

என் கணக்கு இது: ஷூவுக்கு ஆயிரம், இன்சோலுக்கு முந்நூறு, காலுறைக்கு இருநூறு. காலுறையில் மிச்சம் பிடிக்காதீர்கள். முழுப் பருத்தி வேர்வையையும் மழையையும் குடித்துக்கொண்டு விடாது. ஈரத் தோல்தான் உரசி உரியும். உள்ளே மெல்லிய நைலான், வெளியே கம்பளிக் கலப்பு என்று இரண்டு போட்டால் உரசல் அந்த இரண்டுக்கும் நடுவே போய்விடும். ஷூ வாங்கப் போகும்போதும் அவற்றையே போட்டுக்கொண்டு போங்கள்.

பழைய ஷூவுக்கு மும்பையில் பஞ்சமில்லை. வெள்ளிக்கிழமை விடியுமுன் டேட் கல்லியில் கூடும் ஷூச் சந்தை ஊரறிந்தது. டார்ச் கொண்டுபோவது உத்தமம். பழையதில் இரண்டைப் பாருங்கள். அடி ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் அது வேறொருவர் நடை. உங்கள் முழங்காலுக்கு ஆகாது. இரண்டாவது, மெத்தென்ற பாலியூரித்தேன் அடி. அது போடாமல் பெட்டியில் கிடந்தாலும் காற்றின் ஈரத்திலேயே உள்ளுக்குள் நைந்துபோகும். பார்க்கப் புதிதுபோல இருக்கும். நடந்தால் ரொட்டித் துண்டாக உதிரும். நான் ஒருமுறை ஒரு நடைபாதைக் கடையில் அப்படி ஒன்றை வாங்கி, ராஜ்மாச்சி வழியில் அடி கழன்று, பூட்ஸைத் துண்டால் கட்டிக்கொண்டு நடந்தவன். ஒட்டியது மட்டுமா, தைத்ததா என்றும் ஓரத்தைப் பாருங்கள். ஒட்டியதுதான் பிடித்திருக்கிறது என்றால், வாங்கிய கையோடு செருப்பு தைப்பவரிடம் கொடுத்து அடியைச் சுற்றி ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். ஆகும் செலவு சொற்பம்.

புது பூட்ஸோடு நேராக மலைக்குப் போகாமல், இரண்டு வாரம் வேலைக்கும் சந்தைக்கும் போட்டு நடந்து பழக்குங்கள். எங்கே சிவக்கிறதோ அங்கே கிளம்புமுன்பே பிளாஸ்திரி. இறங்கத் தொடங்குமுன் ஒரு நிமிடம் உட்கார்ந்து கணுக்காலருகே நாடாவை இறுக்குங்கள். பாதம் முன்னால் சறுக்காது.

திரும்பி வந்ததும் நனைந்த பூட்ஸை அடுப்பருகே வைக்காதீர்கள். தோல் வெடிக்கும், பசை விடும். சேற்றைக் கழுவி, இன்சோலை உருவி, இந்தச் செய்தித்தாளையே கசக்கி உள்ளே திணித்து, மின்விசிறிக்குக் கீழே சாய்த்து வையுங்கள். அண்ணாச்சி இரவில் எழுந்து ஒருமுறை காகிதம் மாற்றுவாராம். கான்வாஸ் என்றால் காலை ஷிப்டுக்குக் காய்ந்திருக்கும்.