எட்டு மணி போக மிச்சம்

உழைப்பவனுக்கு ஓய்வு எதற்கு என்பது ஆலை முதலாளிகளின் பழைய வாதம். 1936 சூலை 30-இல் புதுவைத் தொழிலாளி அதற்கு இரத்தத்தால் விடை சொன்னான். பிரெஞ்சிந்திய அரசின் துப்பாக்கிக்கு 12 தோழர்கள் பலியாயினர். மறு ஆண்டே, 1937-இல், எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமாயிற்று.

எட்டு மணி போக மிச்ச நேரம் எதற்கு? மனைவி மக்களோடு உட்கார்ந்து, நேற்றைய மீன் குழம்பை இன்றைய சோற்றில் பிசைந்து உண்பதற்கு! (மீன் குழம்பு மறுநாள்தான் ருசி, இதில் கட்சி வேறுபாடு கிடையாது.) சம்பளத்தன்று பிள்ளைகளைக் கடைக்கு அழைத்துப் போய்ப் பரோட்டா வாங்கித் தருவதற்கு. 1827-இல் தோன்றிய நம் பொது நூலகத்தில், இன்றைய ரொமென் ரோலன் நூலகத்தில், ஒரு மணி நேரம் உட்காருவதற்கு.

ஏ.எப்.டி. ஆலை 2020-இல் மூடப்பட்டுவிட்டது. இன்று சாரத்திலிருந்து காவல் வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் தோழனுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்கிறார்கள். பிள்ளை தூங்கிய பின் வீடு திரும்புகிறவனுக்கு எட்டு மணிச் சட்டம் எங்கே போயிற்று என்று கேட்கிறோம்.

நம்மிடமும் ஒரு கேள்வி உண்டு. புதுவைக் கவிஞர் பாரதிதாசன் 'குடும்ப விளக்'கில் ஒரு வீட்டின் ஒருநாள் நிகழ்ச்சியையே காவியமாக்கினார். அதிலும் விடியலில் எழுந்து ஓயாமல் உழைப்பவள் தலைவிதான்! அடுப்படிக்கு எட்டு மணிச் சட்டம் உண்டா? கூட்டம் முடிந்து பத்து மணிக்கு வந்து சோறு கேட்கும் தோழர், ஞாயிறன்றாவது மீனை ஆய்ந்து, குழம்பையும் கூட்டி வைக்கட்டும். அதுவரை அந்த அம்மையார் திண்ணையில் அமர்ந்து பத்திரிகை படிக்கட்டும். நம் பத்திரிகையாக இருந்தால் மகிழ்ச்சி.