மலைத் தேயிலையின் மணமும் காலமும்

சில பொருள்கள் காலம் செல்லச் செல்ல மேன்மையுறுவன. வேறு சில உரிய காலத்திற் கொள்ளப்படுதலால் மேன்மையுறுவன. பிரான்சு தேசத்துக் கொன்யாக் என்னும் பழமது முன்னதற்கும், இலங்கை மலைநாட்டுத் தேயிலை பின்னதற்கும் எடுத்துக்காட்டாகும்.

கொன்யாக்கு, திராட்சை மதுவைச் செப்புக் கலத்தில் இருமுறை வடித்து, ஓக் மரப்பீப்பாய்களிற் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்துப் பெறப்படுவது. மரத்தின் துவர்ப்பும் வனிலா மணமும் அதனுட் சிறுகச் சிறுகக் கலக்கின்றன. ஒரு பகுதி ஆவியாகிப் போகின்றது. புட்டியில் அடைத்தபின் அது முதிர்வதில்லை.

தேயிலையின் மணமோ செடியிலேயே கருக்கொள்ளுகின்றது. ஏறத்தாழ 1,200 மீற்றருக்கு மேல் விளைவதனை உயர்நிலத் தேயிலை என்பர். ஹட்டன், தலவாக்கலை முதலியவற்றை உள்ளடக்கிய டிம்புள்ளைப் பகுதியில், தென்மேற்குப் பருவமழையின்போது கொழுந்து விரைந்து வளரும், மணம் மெலியும். ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட காற்றும் குளிரிரவும் சேர்ந்து வளர்ச்சியைத் தடுக்கும். அப்பொழுது மெல்ல வளருங் கொழுந்தில் நறுமணப் பொருள்கள் செறிகின்றன. நுவரெலியாத் தேயிலையின் வெளிறிய நிறமும் மென்மணமும், டிம்புள்ளைத் தேயிலையின் விறுவிறுப்பும் இவ்வாறு மண், உயரம், காற்று ஆகியவற்றின் கொடைகளேயாம்.

ஆலையின் கடமை அக்கொடையைக் காத்தலாகும். கொழுந்தை வாட்டி, உருட்டிக் கலங்களை உடைக்க, காற்றுப்பட்டு இலை செம்மை பெறும். தக்க வேளையில் அதனைச் சூடேற்றி நிறுத்தல் வேண்டும். சிறிது பிந்தினும் நிறம் மிகும், மணம் குன்றும். பல ஆண்டுப் பொறுமை கொன்யாக்கிற்கு வேண்டுமெனின், தேயிலைக்கு வேண்டுவது சில நாழிகைகளின் விழிப்பாம்.

ஈண்டு ஒன்று சிந்தித்தற்குரியது. மணஞ்செறிந்த அம்மாதங்களே விளைச்சல் குன்றும் மாதங்களுமாம். கொழும்பில் 1883இல் தொடங்கிய ஏலத்தில் தேயிலையை மதிப்பவர் அதன் மணத்தையும் சுவையையும் நோக்குவர். மலையில் நிறுப்போர் கூடையின் நிறையையே நோக்குவர். குறித்த நிறை எட்டாத நாளிற் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு முழுப்பேர் கிட்டுதல் அரிதாகும். ஒரே கொழுந்து ஓரிடத்தில் உயர்விலையும், பிறிதோரிடத்திற் குறைகூலியும் பெறுகின்றது. ஆகவே, நற்றேயிலையின் சுவையை ஆராய்வார், காற்றையும் மலையையும் போற்றுவதோடு, இரண்டிலையும் ஒரு மொட்டுமாகத் தேர்ந்து கிள்ளும் கையின் பயனையும் நிறையினாலன்றித் தரத்தினாலும் அளத்தல் முறையாகும்.