நாலாவது ஆளா எடுத்தாங்க, அவர் காலேஜுக்குப் போனார்

ஸ்போர்ட்ஸ் பக்கத்துக்கு ஏதாவது எழுதுன்னு எடிட்டர் கேட்டதும் நான் சொன்ன தலைப்பு ஐஸ் ஹாக்கி. "நம்ம ஊர்ல ஐஸ்னா ஃப்ரிட்ஜ்ல இருக்கிறதுதான்டா"ன்னு சிரிச்சான். நியாயம்தான். ஆனா பிளேஸ்மெண்ட் சீசன்ல தூக்கம் வராத ஒரு ராத்திரி யூட்யூப்ல தற்செயலா ஒரு வீடியோ பார்த்தேன். அதுல ஒருத்தர் வலப்பக்கம் போற மாதிரி உடம்பைச் சாய்க்கிறார், அடுத்த நொடி இடப்பக்கம் போயிட்டார். தடுக்க வந்தவர் நின்ன இடத்துலயே நிக்கிறார். அவர் யாருன்னு தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

அவர் பேர் கேல் மகார். 1998 அக்டோபரில் கனடாவின் கால்கரி நகரத்தில் பிறந்தவர். விளையாடுவது டிஃபென்ஸ்மேன் பொசிஷனில். இன்னைக்கு அவர் பெரிய ஸ்டார். நான் சொல்லப்போறது அதுக்கு முந்தைய கதை, அதாவது அவர் நம்மள மாதிரி காலேஜ் பையனா இருந்த 2 வருஷம்.

முதல்ல ஆட்டம் எப்படின்னு பார்த்துடலாம்

சுமார் 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலமுள்ள பனித்தளம். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்: ஒரு கோல்கீப்பர், இரண்டு டிஃபென்ஸ்மேன், மூன்று ஃபார்வர்ட். பந்துக்குப் பதிலா 'பக்' என்கிற தட்டையான ரப்பர் வட்டு. எடை சுமார் 170 கிராம். அது துள்ளாம வழுக்கிப் போகணும்னு ஆட்டத்துக்கு முன்னாடி உறைய வைப்பாங்க. 20 நிமிஷமா மூணு பீரியட். ஒவ்வொருத்தரும் ஒரு நிமிஷத்துக்கும் குறைவான நேரம் முழு வேகத்தில் ஆடிட்டு பெஞ்சுக்கு ஓடிடுவாங்க, அடுத்த ஆள் உள்ளே குதிப்பார். இதுக்காக ஆட்டத்தை நிறுத்துறது கூட கிடையாது.

டிஃபென்ஸ்மேன் வேலை என்னன்னா, எதிரி முன்னோக்கி வர்ற அதே வேகத்துல இவர் பின்னோக்கி சறுக்கணும். இடைவெளி அதிகமானா எதிரிக்கு ஷாட் அடிக்க இடம் கிடைச்சுடும். குறைஞ்சா பக்கத்துல புகுந்து போயிடுவார். தன் அணி தாக்கும்போது இவர் எதிரணிப் பகுதியோட எல்லையில் இருக்கிற நீலக்கோட்டு பக்கத்துல நிக்கணும். பக் அந்தக் கோட்டைத் தாண்டி வெளியே வந்துட்டா, அணியில எல்லாரும் அந்தப் பகுதியை விட்டு வெளியே வந்த பிறகுதான் திரும்பத் தாக்க முடியும்.

மெக்கானிக்கல் மக்களுக்கு ஒரு விஷயம். ஸ்கேட் பிளேடோட அடிப்பகுதி தட்டையா இருக்காது. நடுவுல ஒரு பள்ளம் இருக்கும். அதனால ஒரே பிளேடுக்கு உள்பக்கம் ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு விளிம்பு. திரும்புறது, நிக்கிறது எல்லாமே உடம்பு எடையை எந்த விளிம்புக்கு மாத்துறோம் என்பதில்தான் இருக்கு. நான் பார்த்த வீடியோவுல மகார் செஞ்சது அதுதான்.

16 வயசுல ஒரு முடிவு

கனடாவில் நல்லா ஆடுற பையன்கள் பெரும்பாலும் போறது மேஜர் ஜூனியர் லீகுகளுக்கு. என்.ஹெச்.எல். என்கிற பெரிய தொழில்முறை லீகுக்கு அதுதான் ராஜபாட்டை. மகாரை மெடிசின் ஹேட் டைகர்ஸ் என்கிற மேஜர் ஜூனியர் அணி முன்பே தேர்வு செய்து வைத்திருந்தது. ஆனா அதுல ஒரு சிக்கல். மேஜர் ஜூனியர்ல ஆடுறவங்களுக்குச் சின்ன உதவித்தொகை கிடைக்கும், ஒப்பந்தம் போட்ட வீரர்களும் அங்கே ஆடுவாங்க. அதனால அமெரிக்கக் காலேஜ் விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அந்த லீகுகளைத் தொழில்முறைக் கணக்கில் வைத்திருந்தது. அங்கே ஆடினா காலேஜ் அணியில் இடம் கிடையாது. (இந்த விதியை இப்போ தளர்த்திட்டாங்க. மகார் காலத்தில் அது கல்வெட்டு.)

காலேஜ் கதவு திறந்தே இருக்கணும்னா ஒரு படி கீழே இருக்கிற லீகுல ஆடணும். மகார் அதைத்தான் தேர்ந்தெடுத்தார். கால்கரியிலிருந்து சுமார் இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் புரூக்ஸ் என்ற சின்ன ஊரின் பாண்டிட்ஸ் அணிக்குப் போனார். 2016-17 சீசனில் 54 ஆட்டங்களில் 24 கோல், 51 அசிஸ்ட், மொத்தம் 75 பாயிண்ட். ஹாக்கியில் கோலுக்கும் சரி, கோலுக்கு வழி செய்த பாஸுக்கும் சரி, தலா ஒரு பாயிண்ட். தடுக்க வேண்டிய ஆள் இவ்வளவு எடுக்கிறது சாதாரணம் இல்லை.

இருந்தாலும் சந்தேகம் இருந்தது. லீகோட தரம் குறைவு, ஆள் உயரமும் அந்தப் பொசிஷனுக்கு அப்படி ஒண்ணும் பெருசில்லை. மேல போனா இதே ஆட்டம் எடுபடுமா?

ஆஃபர் கையில, ஆனா கிளாஸுக்குப் போறார்

2017 ஜூன், சிகாகோவில் என்.ஹெச்.எல். டிராஃப்ட். கொலராடோ அவலாஞ்ச் அதற்கு முந்தைய சீசனில் லீகிலேயே கடைசி இடம். 82 ஆட்டத்தில் 22 வெற்றிதான். கடைசியா வந்த அணிக்கு முதல் தேர்வு கிடைக்கும்னு நினைப்போம், ஆனா அதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வாங்க. பாவம், குலுக்கலில் அவங்களுக்குக் கிடைச்சது நாலாவது இடம். அந்த நாலாவது இடத்தில் அவங்க எடுத்த ஆள்தான் கேல் மகார்.

நாலாவது ஆளா எடுக்கப்பட்ட ஒருத்தர் அடுத்து எங்கே போவார்? மகார் போனது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் ஆம்ஹர்ஸ்ட் ஊருக்கு, யூமாஸ் பல்கலைக்கழகத்தில் படிக்க. அங்கே சேருவதாக டிராஃப்டுக்கு முன்பே சொல்லியிருந்தார். சொன்னபடியே சேர்ந்தார்.

அந்த அணி எப்படி இருந்ததுன்னு கேளுங்க. கிரெக் கார்வெல் கோச்சா வந்த முதல் சீசன், 2016-17ல் 36 ஆட்டத்தில் 5 வெற்றி, 29 தோல்வி, 2 டிரா. அடிமட்ட அணி எடுத்த வீரர், இன்னொரு அடிமட்ட அணிக்கு ஆடப் போறார்.

இதுல அவருக்கு என்ன லாபம்? காலேஜ் ஹாக்கியின் கால அட்டவணையில் பதில் இருக்கு. ஒரு சீசனுக்கு 35 முதல் 40 ஆட்டம்தான், அதுவும் பெரும்பாலும் வெள்ளி, சனி. மிச்ச நாளெல்லாம் கிளாஸ், பிராக்டிஸ், ஜிம். மேஜர் ஜூனியரில் 70 ஆட்டத்துக்குப் பக்கம், என்.ஹெச்.எல்.லில் 82. அடுத்தடுத்து ஊர் ஊரா ஆடிட்டே இருக்கிறவருக்கு உடம்பை வலுவாக்கவும், தப்பைத் திருத்தவும் நேரம் எங்கே இருக்கு? அதோட, காலேஜ்ல எதிரே நிக்கிறவங்க 22, 23 வயசு ஆட்கள். 18 வயசுப் பையனுக்கு அவங்களோட மோதறதே ஒரு பாடம்.

முதல் வருஷம் 34 ஆட்டத்தில் 21 பாயிண்ட். நல்ல கணக்கு, ஆனா ஆஹா ஓஹோ இல்லை. நடுவில் 2018 ஜனவரியில் பஃபலோ நகரத்தில் கனடா ஜூனியர் அணிக்காக ஆடி உலக ஜூனியர் தங்கம் வென்றார். அணியும் 5 வெற்றியிலிருந்து 17 வெற்றிக்கு வந்தது. அந்தக் கோடையிலேயே அவர் கொலராடோவுக்குக் கிளம்பியிருக்கலாம். கிளம்பல. இன்னொரு வருஷம் காலேஜ்லயே இருந்தார்.

நாலு நாள்

2018-19ல் 41 ஆட்டம், 16 கோல், 33 அசிஸ்ட், 49 பாயிண்ட். யூமாஸ் 31 ஆட்டங்களில் ஜெயிச்சு, ஹாக்கி ஈஸ்ட் என்கிற தன் பிரிவில் முதல் முறையா லீக் பட்டத்தையும் எடுத்தது. கடைசி நாலு அணிகள் மோதும் கட்டத்தில் டென்வரை ஓவர்டைமில் 4-3 என வீழ்த்தி, பஃபலோவில் இறுதிப் போட்டிக்குப் போனாங்க. அதுக்கப்புறம் நடந்ததை தேதி வாரியா சொல்றேன்.

ஏப்ரல் 12: காலேஜ் ஹாக்கியின் மிகப்பெரிய தனிநபர் விருதான ஹோபி பேக்கர் விருது மகாருக்கு. யூமாஸ் வீரர் ஒருவர் அதை வாங்குவது அதுவே முதல் முறை.

ஏப்ரல் 13: இறுதிப் போட்டி. மினசோட்டா டுலூத்திடம் 0-3 தோல்வி. 15 மாசத்துக்கு முன்னாடி தங்கப் பதக்கம் வாங்கின அதே அரங்கத்தில், ஒரு கோல்கூட இல்லாமல்.

ஏப்ரல் 14: கொலராடோவுடன் ஒப்பந்தம்.

ஏப்ரல் 15: டென்வரில் என்.ஹெச்.எல். பிளேஆஃப் ஆட்டம். எதிரணி கால்கரி ஃபிளேம்ஸ், அவர் சொந்த ஊர் அணி. முதல் பீரியடிலேயே கோல் அடிச்சார். கொலராடோ 6-2 என ஜெயித்தது. பிளேஆஃப் ஆட்டத்தில் அறிமுகமாகி அதிலேயே கோல் அடித்த முதல் டிஃபென்ஸ்மேன் அவர்தான்.

அடுத்த சீசனில் 57 ஆட்டத்தில் 50 பாயிண்ட், சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது. 2022ல் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் விருது, பிளேஆஃபின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருது, ஸ்டான்லி கோப்பை மூன்றும் ஒரே வருஷத்தில். அப்போ அவருக்கு வயசு 23.

யூமாஸ் என்னாச்சுன்னு கேட்பீங்க. மகார் போய் இரண்டு வருஷம் கழிச்சு, 2021ல், இறுதிப் போட்டியில் 5-0 என ஜெயிச்சு அந்தப் பல்கலைக்கழகம் முதல் தேசியப் பட்டத்தை வாங்கியது. கோச் அதே கார்வெல்தான்.

அப்போ காத்திருந்தா எல்லாம் சரியாயிடுமா?

இந்த இடத்துல "பொறுத்தார் பூமி ஆள்வார்"னு முடிச்சா கட்டுரை அழகா இருக்கும். ஆனா அது பாதி உண்மைதான்.

என்.ஹெச்.எல். விதிப்படி, டிராஃப்டில் எடுத்த வீரர் காலேஜ்ல படிக்கும்வரை, அதிகபட்சம் நாலு வருஷப் படிப்பு முடியும்வரை, அவர் மேலுள்ள உரிமை அந்த அணிக்கே இருக்கும். அதாவது மகார் "இப்போ வேண்டாம்"னு சொன்னா ஆஃபர் கேன்சல் ஆகாது. நமக்கு அப்படி இல்லை. ஜாயினிங் டேட்டைத் தள்ளிவைங்கன்னு கேட்டாலே ஹெச்.ஆர். மெயிலுக்குப் பதில் வராது.

அதுக்காக அவருக்கு ரிஸ்க்கே இல்லைன்னும் சொல்ல முடியாது. அந்த இரண்டு வருஷமும் தொழில்முறை ஒப்பந்தம் எதுவும் கையெழுத்தாகல. ஒரு மோசமான முழங்கால் காயம் வந்திருந்தா இந்தக் கதையை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியமாப் பட்டதுன்னா, ஏழாவது செமஸ்டர்ல எனக்கும் ஒரு ஆஃபர் வந்திருக்கு. அப்பா உடனே சேரச் சொல்றார். எனக்கு கேட் எழுதி எம்.டெக். போகணும்னு ஆசை. "இன்னும் ரெண்டு வருஷம் படிச்சு என்னடா பண்ணப் போற?"ன்னு அப்பா கேட்டப்போ என்கிட்ட பதில் இல்லை. மகார் கதையைப் படிச்சதும் அப்பா கேட்டதுதான் சரியான கேள்வின்னு புரிஞ்சுது. காலேஜ்ல இருந்த ரெண்டு வருஷத்துல அவர் உடம்பை வலுவாக்கினார், தன்னைவிடப் பெரிய ஆட்களோட மோதிப் பழகினார், 21 பாயிண்டிலிருந்து 49க்கு வந்தார். என் ரெண்டு வருஷத்துல நான் எதைச் செய்யப் போறேன்னு ஒரு பேப்பர்ல எழுத உட்கார்ந்தேன். இதுவரைக்கும் நாலு வரி வந்திருக்கு. அதுல ரெண்டு வரி எனக்கே நம்பிக்கை இல்லாதது. அந்தப் பேப்பரை முடிச்சு அப்பாகிட்ட காட்டலாம்னு இருக்கேன்.

உங்களுக்கு நேரம் கிடைச்சா, 2019 ஏப்ரல் 15 கோலைத் தேடிப் பாருங்க. முந்தின முந்தின நாள்தான் அந்தப் பையன் ஒரு இறுதிப் போட்டியைத் தோத்திருக்கான்ங்கிறதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டுப் பாருங்க.