வாடகைக் கட்டடத்திற்குக் கடன்: வங்கிக்கு ஐந்து ஸ்லைடுகள்

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ அப்பர் தைக்கும் யூனிட்டுக்கு வாடகைக்கு விட ஒரு கட்டடம் வாங்கப் போகிறீர்களா? வங்கி மேனேஜரின் முக்கியக் கேள்வி ஒன்றுதான்: வாடகையிலிருந்து தவணை வந்துவிடுமா? அதற்குப் பதில் சொல்ல ஐந்து ஸ்லைடுகள் போதும். பவர்பாயிண்ட், எக்ஸெல் இல்லாதவர்கள் இலவச லிப்ரேஆபீஸில் உள்ள இம்ப்ரெஸ், கால்க் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம்.

முதலில் கணக்கு

எக்ஸெல்லைத் திறங்கள். உதாரணமாக, கட்டடத்தின் விலை 60 லட்சம், கடன் 20 லட்சம், வட்டி 9%, காலம் 10 வருடம். ஒரு செல்லில் ஈக்வல் குறி போட்டு, பி.எம்.டி. என்ற மூன்று எழுத்துகளைப் புள்ளியில்லாமல் ஆங்கிலத்தில் டைப் செய்து, அடைப்புக்குறிக்குள் 9%/12,120,-2000000 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். மாதத் தவணை சுமார் 25,335 ரூபாய் என வரும். இதில் 120 என்பது மாதங்கள்.

வாடகை 36,000 என்றால் 12 மாதமும் வரும் என்று போடாதீர்கள். ஏற்றுமதி ஆர்டர் குறைந்தால் கட்டடம் காலியாகலாம். 11 மாத வாடகை 3,96,000. சொத்து வரி, ரிப்பேருக்கு 36,000 கழித்தால் 3,60,000. அதாவது மாதம் 30,000. இதைத் தவணையால் வகுத்தால் 1.18. இது 1.25 அளவிலாவது இருப்பதையே கடன் கொடுப்பவர்கள் பொதுவாக விரும்புவார்கள். கடனை 18 லட்சமாக மாற்றிப் பாருங்கள். தவணை 22,802 ஆகும், விகிதம் 1.32 ஆக உயரும். கூடுதலாக 2 லட்சம் கையிலிருந்து போட முடியுமா என்பதை வங்கிக்குப் போகும் முன்பே முடிவு செய்துவிடலாம்.

ஸ்லைடுகள்

1. கட்டடம்: இடம், பரப்பளவு, போட்டோ.
2. பணம்: விலை, முத்திரைத்தாள் மற்றும் பதிவுச் செலவு, சொந்தப் பணம், கடன்.
3. வாடகை: ஒப்பந்தக் காலம், அட்வான்ஸ்.
4. மேலே போட்ட கணக்கு.
5. ஆவணங்கள்: பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், சொத்து வரி ரசீது.

இந்தப் பகுதிக்கென்று இன்னொரு விஷயமும் உண்டு. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையைத் தோல் தொழிற்சாலைகளுக்கு 1996-ல் சுப்ரீம் கோர்ட் பொருத்தியது. எனவே கட்டடம் முன்பு தோல் பதனிடும் இடமாக இருந்ததா என்று மேனேஜர் கேட்கலாம். இருந்திருந்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த கடிதங்களையும் ஐந்தாவது ஸ்லைடில் சேருங்கள்.

எழுத்து அளவு 24-க்குக் குறைய வேண்டாம். அனிமேஷன், சவுண்ட் எதுவும் தேவையில்லை. முடித்ததும் எஃப்5 கீயை அழுத்தி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பின்னர் பி.டி.எஃப். ஆகவும் சேவ் செய்துகொள்ளுங்கள். வங்கிக் கம்ப்யூட்டரில் உங்கள் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் எழுத்துகள் கட்டம் கட்டமாக மாறாது.