மகள் ஜூடோ கற்கக் கேட்டால்...



கராத்தே, சிலம்பம் என்றால் நமக்குத் தெரியும். ஜூடோ, ஜூஜிட்சு என்று பிள்ளை வந்து கேட்டால், "அதென்ன கட்டிப் புரளுற விளையாட்டு, பொம்பளைப் பிள்ளைக்கு வேணாம்" என்று சொல்லிவிடுகிறோம். வயசுக்கு வந்த பிள்ளை என்றால் பேச்சே இல்லை. வேணாம் என்பதற்கு முன் அது என்னவென்று தெரிந்துகொள்வோமே.

இதில் குத்து, உதை கிடையாது. பிடிப்பது, நிலைகுலைய வைத்துத் தள்ளுவது, தரையில் அமுக்குவது, அமுக்கினால் தப்பி எழுவது, இவ்வளவுதான். ஜப்பானில் 1882-ல் ஜிகோரோ கானோ ஜூடோவைத் தொடங்கினார். அவர் பள்ளியில் பயின்ற மயேடா பிரேசில் நாட்டுக்குப் போய்க் கற்றுக் கொடுத்தார். அங்கே கிரேசி குடும்பத்தார் தரைப் பிடிகளை வளர்த்தார்கள். அதுதான் பிரேசிலிய ஜூஜிட்சு. மெலிந்தவர் கனத்த ஆளின் அடியிலிருந்து எப்படி மீள்வது என்பதே அதன் அடிப்படை.

பெண்களுக்கு இந்த இடம் சும்மா கிடைக்கவில்லை. அமெரிக்காவில் ரீனா கனோகோகி என்பவர் 1959-ல் ஆண் போல வந்து போட்டியில் ஜெயித்தார். பெண் என்று தெரிந்ததும் பதக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவரே முன்னின்று 1980-ல் நியூயார்க்கில் பெண்களுக்கான முதல் உலகப் போட்டியை நடத்தினார். 2022 காமன்வெல்த் போட்டியில் நம் நாட்டின் சுசீலா தேவி, துலிகா மான் இருவரும் ஜூடோவில் வெள்ளி வாங்கினார்கள்.

முதல் பாடம் விழுவது. உப்பள வரப்பில் கால் வழுக்கினால் நாம் கையை ஊன்றுகிறோம், மணிக்கட்டு போய்விடுகிறது. இங்கே மோவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து உருண்டு, கையை விரித்து விரிப்பில் அறையச் சொல்கிறார்கள். தலை அடிபடாது. அடுத்தது, பெயரே 'இறால்'. மல்லாந்து படுத்து, காலை ஊன்றி, இடுப்பைத் தூக்கிப் பின்னால் தள்ள வேண்டும். உடம்பு இறால் மாதிரி வளையும். மேலே அமுக்குகிறவருக்கும் நமக்கும் நடுவே இடைவெளி விழும், முழங்காலை நுழைக்கலாம். கூனி அள்ளுகிற ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்!

மூன்றாவது, தட்டுவது. வலித்தால், பயந்தால், கூட விளையாடுகிறவரை இரண்டு தட்டு தட்டினால் அந்த நொடியே விட வேண்டும். தட்டியும் விடாத இடம், "பொறுத்துக்கோ" என்று சொல்லும் மாஸ்டர் என்றால் மறுநாள் பிள்ளையை அனுப்பாதீர்கள். பயிற்சியைப் பெற்றோர் பார்க்கக் கூடாது என்றாலும் அப்படியே. சிறு பிள்ளைகளுக்குக் கழுத்துப் பிடி, முழங்கைப் பூட்டு சொல்லித்தரக் கூடாது. பெண் பிள்ளைகளைப் பெண் பிள்ளைகளோடு ஜோடி சேர்க்கச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

நகம் வெட்டி அனுப்புங்கள். படர்தாமரை விரிப்பு வழியாகப் பரவும். உடுப்பைத் தினம் துவைக்க வேண்டும், வந்ததும் குளிக்க வேண்டும். உப்பில் வெடித்த காலோடு இறங்க வேண்டாம். முதல் நாளே சீருடை வாங்கக் குழுக் கடன் எடுக்காதீர்கள். விழக் கற்கும்வரை டீ-சர்ட், டிராக் பேண்ட் போதும்.

நாமும் சேரலாமா? சேரலாம், வயசு தடையில்லை. ஆனால் சுமை தூக்கித் தூக்கி இடுப்பு வலி, கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு வேண்டாம்.

நாலு மாதம் படித்த பிள்ளை யாரையும் வீழ்த்திவிடும் என்று நினைக்காதீர்கள். விடுபட்டதும் கத்திக்கொண்டு ஓடுவதுதான் சரி. 181, 1098 இரண்டு எண்ணும் அவளுக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

பிரேசிலிய ஜூஜிட்சு கூடங்கள் பெருநகரங்களில்தான் அதிகம். பள்ளிகளின் பாரதியார் தின விளையாட்டுப் போட்டியில் ஜூடோவும் உண்டு. ஆகவே முதலில் பள்ளி உடற்கல்வி ஆசிரியரைக் கேளுங்கள், பிறகு விழுப்புரம் மாவட்ட விளையாட்டு அலுவலகம். ஒற்றை ஆளாய்ப் போவதைவிட, நாலைந்து பிள்ளைகள் பேரை எழுதிக் குழுவாகப் போய்க் கேட்டால் பதில் சீக்கிரம் வரும்.